பழைய ஃபோர்வீல் ஜீப்பை ஒரு லட்சத்துக்குள் சரிபண்ண முடியுமா?

கேள்வி, 11 ஜனவரி 2025

மகிந்திராவின் பழைய டீசல் ஜீப், எம்எம்540 ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். வீடியோக்களில் ஒரு லட்சம் செலவு பண்ணினால் புது வண்டி மாதிரி ஆகிவிடும் என்கிறார்கள். நண்பனோ, டப்வாலியில் பழைய அமெரிக்க வில்லிஸ் ஜீப் மாதிரியே கட்டி லாரியில் ஏற்றி அனுப்புகிறார்கள், அதுதான் சுலபம் என்கிறான். ஊர் கோபி. சனி, ஞாயிறு மலைக்குப் போக மட்டும்தான். எது சரி?

12 ஜனவரி 2025

ஒரு லட்சத்தில் ஆகாது. எனக்கு ஆகவில்லை.

என்னுடையது 1989 எம்எம்540. போடிக்கு மேலே ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் கிடந்த வண்டி. புரோக்கர் மூலம் 2022 ஆகஸ்டில் 1,60,000 கொடுத்து வாங்கினேன். வாங்கிய அன்றே ஓட்டிக்கொண்டு வந்தேன். பிரேக் பிடிக்கவில்லை, அது வேறு விஷயம்.

அதற்கு மேல் ஆன செலவு இது. தகர வேலை, வெல்டிங், பெயிண்ட் 58,000. பிரேக், ஸ்டீயரிங், நக்கிள் (முன் சக்கரம் திரும்புகிற மூட்டு) 27,000. நாலு டயர் 22,000. டீசல் நாசில், டீசல் பம்ப், ஹீட்டர் பிளக், செல்ஃப் மோட்டார் 19,000. வயரிங், பேட்டரி 14,000. மொத்தம் 1,40,000. இரண்டு வருஷத்தில், ஒவ்வொரு மாதச் சம்பளத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துப் போட்டது. புது வண்டி மாதிரி ஆகவில்லை. நல்ல பழைய வண்டி மாதிரி ஆகியிருக்கிறது.

12 ஜனவரி, இரவு

டப்வாலி பற்றிச் சொல்ல விட்டுப்போச்சு. ஹரியாணாவும் பஞ்சாபும் தொட்டுக்கொள்ளும் எல்லையில் இருக்கிற ஊர். ஜீப் கட்டுவதற்குப் பேர் போனது. வேலையில் குறை சொல்ல மாட்டேன், நேரில் ஒரு வண்டி பார்த்தேன், வெல்டிங் என் வண்டியை விடச் சுத்தம். சிக்கல் ஆர்சி புக்கில். புது பாடி, எங்கிருந்தோ வந்த இன்ஜின், எதற்கோ சேர்ந்த பழைய ஆர்சி. சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், வருஷம், பாடி வகை நாலும் தாளில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் அட்வான்ஸ் போடாதீர்கள். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வெளிமாநில வண்டி என்றால் அந்த ஊர் ஆர்டிஓவிடமிருந்து படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வேண்டும், இங்கே வந்து வரி கட்ட வேண்டும். கோபியில் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் அந்த வண்டியை நிறுத்தும் காட்சியை ஒரு தடவை மனதில் ஓட்டிப் பாருங்கள்.

15 ஜனவரி

மாட்டுப்பொங்கல். மாடு இல்லாததால் ஜீப்பைக் கழுவி பம்பரில் கரும்பு கட்டினேன். பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி வந்து கரும்பை மென்றுவிட்டு, புதுப் பெயிண்டையும் ஒரு நக்கு நக்கிவிட்டுப் போனது.

மைலேஜ் கேட்டிருந்தீர்கள். பத்து கிடைக்கிறது. ஸ்பீடோமீட்டரை நம்பித்தான் சொல்கிறேன். அது கொஞ்சம் கஞ்சம், போடியிலிருந்து தேனிக்கு 15 கிலோமீட்டர் என்றால் 13.6 என்று காட்டும். பழைய மீட்டர், வயசாச்சு.

19 ஜனவரி

திருத்தம். 1,40,000 இல்லை, 1,87,000.

மேலே எழுதியதை வீட்டில் காட்டினேன். அவள் ஒன்றும் பேசாமல் மளிகைக் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து, கடைசிப் பக்கங்களைத் திருப்பி வைத்தாள். "ஜீப்" என்று தலைப்புப் போட்டு, தேதி வாரியாக. நான் மறந்தவை: பேர் மாற்றம், ஆர்சி புதுப்பித்தல், புரோக்கர் கூலி 13,000. ஹூட் துணி, சீட் 16,500. லேத் பட்டறை 5,000. முன் சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகிற முன் ஷாஃப்ட்டுக்கு இரண்டு தடவை கிராஸ் (மடங்கும் மூட்டு) மாற்றியது 4,500. அப்புறம் "புரோட்டா, பஸ், டீ, சும்மா" என்று ஒரே வரியில் 8,000. அந்த "சும்மா"வுக்கு என்ன அர்த்தம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இரண்டு தடவை கிராஸ் ஏன் என்று கேட்காதீர்கள். ஃபோர்வீலில் போட்டால் முன்பக்கம் டக் டக் என்று ஒரு சத்தம் வரும். இரண்டாவது தடவை மாற்றிய பிறகும் வருகிறது. பழகிவிட்டது.

2 பிப்ரவரி

வாங்கும்போது எதைப் பார்ப்பது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். நான் பார்க்காமல் விட்டதைச் சொல்கிறேன்.

இன்ஜினைத்தான் முக்கால் மணி நேரம் பார்த்தேன். ஸ்டார்ட் பண்ணி, புகை பார்த்து, ஆயில் மூடியைத் திறந்து ஆவி அடிக்கிறதா என்று பார்த்து, பெரிய ஆள் மாதிரி தலையாட்டினேன். தரையில் போட்டிருந்த ரப்பர் மேட்டைத் தூக்கவில்லை. வீட்டுக்கு வந்து தூக்கினால், கிளட்ச் பெடலுக்குக் கீழே ரோடு தெரிகிறது. யாரோ ஒரு புண்ணியவான் நல்லெண்ணெய் டின்னைத் தட்டி விரித்து, நாலு ரிவிட் அடித்து, மேலே தார் பூசியிருந்தார். டின்னில் கம்பெனி பேர் பாதி இன்னும் படிக்க முடிந்தது. மழையில் ஓட்டினால் முழங்கால் வரை சேறு அடிக்கும்.

ஏலத்தோட்டத்து வண்டிகள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். வருஷத்தில் பாதி நாள் மழையும் மூடுபனியும். பாடி சேசிஸில் உட்காருகிற இடங்களில் ரப்பர் பேடுக்கு அடியில் ஈரம் நின்று, உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயிண்ட் பளபளப்பாக இருக்கும். ஒரு ஸ்க்ரூ டிரைவரும், துணி சுற்றிய சின்னக் காந்தமும் எடுத்துப் போங்கள். தட்டினால் டங் என்று கேட்க வேண்டும். தொப் என்றால் பட்டி, அதாவது ஓட்டையை மறைக்கப் பூசிய பசை. காந்தம் வழுக்கி விழுந்தாலும் பட்டி. பேட்டரி தட்டுக்குக் கீழே, பெடலுக்குக் கீழே, பின் சக்கர வளைவுக்கு உள்பக்கம், இந்த மூன்று இடமும் தாங்கினால் மற்றது சமாளிக்கலாம்.

58,000 போனது இதில்தான். 18 கேஜ் தகரம் விலை அதிகம் இல்லை. டிங்கர் கூலிதான். அவர் ஒரு நாள் வருவார், மூன்று நாள் வரமாட்டார், நாலாவது நாள் வந்து முதல் நாள் செய்ததைப் பார்த்து, "யார் செஞ்சது இது?" என்பார்.

9 மார்ச்

இன்ஜின் பிரிக்க எவ்வளவு ஆகும் என்று பொள்ளாச்சிக்காரர் கேட்கிறார். நான் பிரிக்கவே இல்லை. எழுத வேண்டிய முக்கியமான விஷயம் இது, முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

பட்டறைக்கு முதலில் போனபோது, "எல்லாத்தையும் இறக்கிப் பார்த்துருவோமா" என்று நானே கேட்டேன். மெக்கானிக் அண்ணன் பீடியை அணைத்துவிட்டு, "ஓடுற இன்ஜின் மேல கை வச்சா, ஓடுற வரைக்கும் காசு கேட்கும். நிக்குறதுக்கும் திரும்புறதுக்கும் முதல்ல வழி பண்ணுங்க" என்றார். மாஸ்டர் சிலிண்டர், நாலு வீல் சிலிண்டர், லைனிங், பைப். அடுத்து நக்கிளில் இருக்கிற கிங்பின் பேரிங். ஐம்பதில் போகும்போது முன் சக்கரம் வாப்ளிங் எடுத்து, ஸ்டீயரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு ஆடும். அலைன்மென்ட் என்று நினைத்து அதற்கு ஒரு தடவை காசு கொடுத்தேன். அவர் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார். ஸ்டீயரிங் கம்பியான டை ராடில் அசைவே இல்லை, நக்கிளில் அசைந்தது. பேரிங் மாற்றி, ஷிம் என்கிற மெல்லிய தகடு சரியாக வைத்ததும் ஆட்டம் அன்றோடு நின்றது.

இன்ஜினுக்குச் செய்தது இவ்வளவுதான்: நாசில் நாலையும் டெஸ்ட் பண்ணி மாற்றினோம், பம்ப் டைமிங் வைத்தோம், நாலு ஹீட்டர் பிளக்கில் மூன்று செத்துக் கிடந்ததை மாற்றினோம். இது பிரெஞ்சு பெஜோவின் எக்ஸ்டிபி 4.90, 2112 சிசி, போர் 90 மில்லி, ஸ்ட்ரோக் 83. டீசல் நேரே சிலிண்டரில் விழாது, பக்கத்து அறையில் எரிந்து வரும். ஹீட்டர் பிளக் இல்லாமல் மலைக் காலையில் கிளப்ப முடியாது என்பதற்கு அதுதான் காரணம். முந்தைய ஓனர் தினமும் தள்ளித்தான் கிளப்பியிருக்கிறார். பின் பம்பரில் பெயிண்ட் தேய்ந்திருந்த இரண்டு இடங்கள் ஆள் கை வைத்த இடங்கள் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

இதே 2112 சிசி டீசலைப் போட்டுத்தான் பெஜோ 504 காரையும் விற்றார்கள். ஆப்பிரிக்கா முழுக்க டாக்சியாக ஓடிய கார் அது. அங்கே தாங்கியது என்றால் போடி மெட்டின் 17 கொண்டை ஊசி வளைவு அதற்கு ஒரு பொருட்டா? பொருட்டுதான். ஐந்து பேரோடு ஏறினால் ரேடியேட்டர் டீ போடத் தயாராகிவிடும். ரேடியேட்டரை இன்னும் பார்க்கவில்லை. நோட்டில் அதற்கு ஒரு வரி காலியாக இருக்கிறது.

23 மார்ச்

வேறு இன்ஜின் மாற்றிக்கொள்ளலாமே, டொயோட்டா, இசுசூ என்று போடுகிறார்களே என்கிறார் ஒருவர். பவர் வரும், உண்மை. அப்புறம் கியர்பாக்ஸ் பத்தாது, பிரேக் பத்தாது, ஆர்சியில் ஏறாது, விபத்து என்றால் இன்சூரன்ஸ் கை விரிக்கும். கையைக் கடிக்காமல் பண்ண வேண்டும் என்பவருக்கு அந்த வழியே இல்லை.

20 ஏப்ரல்

இழை எங்கெங்கோ போகிறது, போகட்டும்.

ஜோங்கா பற்றிக் கேட்டவருக்கு: ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ் அண்ட் கன் கேரேஜ் அசெம்பிளி என்பதன் முதலெழுத்துகள்தான் அந்தப் பேர். நிசான் பேட்ரோலை வைத்து ராணுவத்துக்குச் செய்தது, ஆறு சிலிண்டர் பெட்ரோல், 3956 சிசி. அழகான வண்டி. சொந்தமாகப் பங்க் வைத்திருந்தால் வாங்குங்கள்.

தாத்தாவின் 1968 ஹை பானட் சிஜே3பி ஜீப் வீட்டில் நிற்கிறது என்று எழுதியவருக்கு: பொறாமையாக இருக்கிறது. பானட் உயரமாக இருப்பது அழகுக்காக இல்லை. வில்லிஸ்காரர்கள் பழைய இன்ஜினில் இன்டேக் வால்வை மட்டும் மேலே ஹெட்டுக்குக் கொண்டுபோனார்கள். இன்ஜின் உயர்ந்துவிட்டது, பானட்டும் உயர்ந்தது. அமெரிக்காவில் 1968-இல் நிறுத்திய பிறகும் இங்கே மகிந்திரா அதை விடவில்லை. 50 வயது தாண்டியதால் நீங்கள் 2021-இல் வந்த விண்டேஜ் விதியில் பதியலாம், கட்டணம் 20,000, பத்து வருஷம் செல்லும். ஆனால் தினசரி ஓட்டத்துக்கும் வாடகைக்கும் கூடாது, பெரிதாக மாற்றியிருக்கவும் கூடாது. தோட்டத்துக்குத் தினமும் போகிற வண்டி என்றால் சாதாரணப் பதிவையே புதுப்பியுங்கள். 5,000 ரூபாய்தான், ஐந்து வருஷத்துக்கு.

15 ஜூன்

மானம் போன கதை. மச்சான் வந்திருந்தான். ஃபோர்வீல் என்றால் என்ன என்று காட்டுகிறேன் பேர்வழி என்று, காய்ந்த தார் ரோட்டிலேயே லீவரைப் போட்டு ஒரு கிலோமீட்டர் ஓட்டினேன். திரும்ப எடுக்கப் பார்த்தால் லீவர் வரவில்லை. ஸ்டீயரிங் கல் மாதிரி. திருப்பினால் டயர் கத்துகிறது. மச்சான் இறங்கி, "மாமா, கயிறு ஏதாச்சும் கட்டி இழுக்கவா?" என்கிறான். ரிவர்ஸில் பத்து அடி வந்ததும் டணார் என்று ஒரு சத்தம், லீவர் தானாக விழுந்தது.

தார் ரோட்டில் போட்டது என் தப்பு. முன், பின் வேக வித்தியாசத்துக்கு விட்டுக்கொடுக்கும் டிஃபரன்ஷியல் இந்த வண்டியில் நடுவில் கிடையாது. முன்னும் பின்னும் ஒரே வேகத்தில்தான் சுற்றும், வளைவில் முறுக்கு ஏறும், ஏறிய முறுக்கு வழுக்கி இறங்க மண் வேண்டும். ஆனால் நான் போனது நேர் ரோடு. ஒரு கிலோமீட்டரில் இவ்வளவு முறுக்கு எப்படி ஏறும்?

16 ஜூன்

டயர் அளவு வித்தியாசமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். இல்லை. நாலும் ஒரே கம்பெனி, ஒரே 6.00-16. பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத்தையும் பார்த்தேன், தயாரித்த வாரமும் வருஷமும் ஒன்றே. காற்றும் ஒரே அளவு.

6 ஜூலை

இன்ஜின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கிற பெட்டிதான் ட்ரான்ஸ்ஃபர் கேஸ், மெக்கானிக் அண்ணன் அதைத் திறந்து பார்த்தார். உள்ளே பல்லெல்லாம் நன்றாக இருக்கிறது. மூடிவிட்டார். கூலி வாங்க மறுத்துவிட்டார். அது எனக்கு இன்னும் கவலையாக இருக்கிறது.

3 ஆகஸ்ட்

கண்டுபிடித்தாச்சு. அறையலாம் போல இருக்கிறது, யாரை என்றுதான் தெரியவில்லை.

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தபோது அந்த 13.6 நினைவுக்கு வந்தது. ஜனவரியில் இங்கேதான் எழுதினேன், மீட்டர் கஞ்சம் என்று. ஸ்பீடோமீட்டர் கேபிள் ட்ரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வருகிறது. 15-க்கு 13.6 என்றால், சக்கரம் சுற்றுவதற்குத் தேவையானதை விட ஷாஃப்ட் ஒன்பது சதவீதம் குறைவாகச் சுற்றுகிறது என்று அர்த்தம். மீட்டர் சொன்னது சரி. வண்டிதான் பொய்.

காலையில் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு கீழே படுத்தேன். பின் பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, மற்றதைக் கல் வைத்து முட்டுக்கொடுத்து, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டு, ஷாஃப்ட்டில் ஒரு கோடு போட்டேன். பையன் சக்கரத்தை மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றினான், நான் கோட்டை எண்ணினேன். ஒரு சக்கரம் தரையில் நிற்கும்போது தூக்கிய சக்கரம் இரண்டு மடங்கு சுற்றும், அதனால் இரண்டு சுற்றுக்கு ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறதோ அதுதான் ரேஷியோ, அதாவது ஓட்டத்தில் சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் சுற்ற வேண்டிய கணக்கு. நாலு முழுச் சுற்று, ஐந்தாவது முடியக் கொஞ்சம் குறைச்சல். முன் பக்கம் சக்கரத்தை ஆக்ஸிலோடு சேர்க்கும் ஹப்பை லாக் பண்ணிவிட்டு அதே மாதிரி: ஐந்து சுற்று, ஆறாவதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டி நின்றது. நம்பாமல் மூன்று தடவை எண்ணினேன். பையன், "அப்பா, கை வலிக்குது" என்றான்.

முன் 5.38, பின் 4.88. ஆக்ஸிலுக்குள் பெரிய பல்சக்கரம் கிரவுன், அதைச் சுற்றும் சின்னது பினியன்: முன்னால் கிரவுன் பல் 43-க்குப் பினியன் பல் 8, பின்னால் 39-க்கு 8. ஃபோர்வீலில் போட்டால் பின் சக்கரம் நூறு அடி போகப் பார்க்கும்போது முன் சக்கரம் தொண்ணூற்றொன்று அடிக்கு மேல் வரமாட்டேன் என்கிறது. சேற்றில் வழுக்கிச் சமாளித்தது. கல்லில் டக் டக். தாரில் பூட்டு. பாவம் அந்த இரண்டு கிராஸ்.

4 ஆகஸ்ட்

மைலேஜும் தப்பு. பத்து இல்லை, பதினொன்று. இந்த விவகாரத்தில் கிடைத்த ஒரே நல்ல சேதி.

31 ஆகஸ்ட்

இன்னொரு திருத்தம். ஏப்ரலில் 5,000 என்று எழுதியிருந்தேன். 20 வயது தாண்டிய காருக்கும் ஜீப்புக்கும் பதிவு புதுப்பிக்கும் கட்டணம் 10,000 என்று இந்த மாதம் மத்திய அரசு அறிவிப்பு வந்துவிட்டது. என்னுடையது பழைய கட்டணத்திலேயே முடிந்தது. சிஜே3பி வைத்திருப்பவர் மன்னிக்கவும். தேதி தவறினால் மாதத்துக்கு 500 தாமதக் கட்டணம், அதையும் கணக்கில் வையுங்கள். கோபிக்காரர் பேரம் பேசும்போது இதையும் சேர்த்தே பேசலாம்.

14 செப்டம்பர்

ஆகஸ்டில் கோபத்தில் எழுதினேன். இப்போது அவ்வளவு கோபம் இல்லை.

முன் ஷாஃப்ட்டின் ஃபிளேஞ்ச் போல்ட்டுகளைப் பார்த்தேன். வண்டிக்கு அடியில் எல்லாம் முப்பது வருஷச் சேறும் ஆயிலும் அப்பியிருக்க, அந்த எட்டு போல்ட்டின் தலை மட்டும் சுத்தம், மேலே கறுப்புப் பெயிண்ட் ஸ்ப்ரே. தோட்டத்து வண்டி என்று வாங்கினேனே, தோட்டத்துக்கு அப்புறம், என்னிடம் வருவதற்கு முன் கொஞ்ச காலம் கீழே சின்னமனூர்ப் பக்கம் ஓடியிருக்கிறது, ஆர்சியிலேயே இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. சமவெளியில் ஓட்டியவர் ரோட்டு வேகத்துக்காகப் பின் ஆக்ஸிலில் 4.88 போட்டிருக்கிறார். ஃபோர்வீல் வேண்டாம் என்று முன் ஷாஃப்ட்டைக் கழற்றி வைத்திருக்கிறார். அவர் செய்தது அவருக்குச் சரிதான். விற்கும்போது "ஃபோர்வீல்" என்று சொல்வதற்காக யாரோ அதைத் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். ஓனரா, புரோக்கரா? புரோக்கரைக் கேட்டேன். "ஃபோர்வீல் வேலை செய்யுதுல்ல?" என்றார். செய்கிறது, என்ன பதில் சொல்வது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றில் சாக்பீஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து நிமிஷ வேலை.

5 அக்டோபர்

முன்னால் இருப்பதை 4.88 ஆக்கினால் ரோட்டில் வேகம் வருமே என்று கேட்டார்கள். எனக்கு வேண்டாம். நான் ஓட்டுவது மெட்டில். ஏற்றத்துக்கு 5.38தான் சுகம், அப்புறம் முன் ஆக்ஸிலைப் பிரிக்க நக்கிள் வரை இறக்க வேண்டும். பின் பக்கமே மாற்றினேன். 43-க்கு 8 கிரவுன் பினியன், ஒரு விபத்து வண்டியிலிருந்து 13,000. கூலி, ஆயில், ஷிம் சேர்த்து 5,500. அண்ணன் பேட்டர்ன், அதாவது பல்லோடு பல் சரியாகப் பதிகிறதா என்று பார்க்கப் பல்லில் மஞ்சள் சாயம் பூசி, சுற்றி, துடைத்து, மறுபடி பூசி, ஒரு நாள் முழுக்க இதையே செய்தார். கழற்றிய 4.88-ஐ உத்தமபாளையத்தில் ஒருவர் 6,500-க்கு வாங்கிக்கொண்டார், ரோட்டு வேகம் வேண்டுமாம். உங்கள் முன் ஆக்ஸில் என்ன ரேஷியோ என்று கேட்டேன். "அது எதுக்குங்க?" என்றார். உட்காரவைத்துச் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தேன்.

நிகரச் செலவு 12,000. ஆக மொத்தம் 1,99,000. இரண்டு லட்சத்தைத் தொடவில்லை என்று வீட்டில் சத்தமாகச் சொன்னேன். நோட்டை மூடிவிட்டு, "பார்ப்போம்" என்றாள்.

12 அக்டோபர்

சூரியநெல்லியிலிருந்து மேலே, கொழுக்குமலைப் பாதை. வாடகை ஜீப்புகள் மட்டும் ஏறுகிற வழி என்பதால் அடிவாரத்தோடு திருப்பிவிட்டார்கள். பரவாயில்லை, பக்கத்துத் தோட்டத்துக் கல்பாதையில் ஃபோர்வீல் லோ கியரில் போட்டு முக்கால் மணி நேரம் ஊர்ந்தேன். சத்தம் இல்லை. லீவர் இரண்டு விரலில் வந்தது. பழகிய சத்தம் காணாமல் போனதில் நடுவில் ஒரு தடவை நிறுத்தி, ஃபோர்வீலில்தான் இருக்கிறதா என்று இறங்கிப் பார்த்தேன்.

9 நவம்பர்

போடி மெட்டு, பதினோராவது வளைவு, கொட்டும் மழை, வைப்பர் மோட்டார் நின்றுவிட்டது. ஒரு கை வெளியே விட்டுத் துணியால் துடைத்துக்கொண்டே இறங்கினேன். புது மோட்டார் 1,350. நோட்டில் ஏற்றியாச்சு. நான் சொல்வதற்கு முன்னாலேயே.